படத்துக்குக் கீழே எழுதிய நேரம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்தேன். எங்கள் வீட்டுக்கு எதிரே பதினோரு பேர் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலர் மடக்கு நாற்காலியில், சிலர் செங்கல் மேல், ஒருவர் கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டப்பாவில். எல்லோர் மடியிலும் ஓர் அட்டை. அடிக்கொருதரம் ஒற்றைக் கண்ணை மூடி, கையை நேராக நீட்டி, பேனாவைச் செங்குத்தாகப் பிடித்து, கட்டைவிரலை அதன் மேல் நகர்த்திப் பார்த்தார்கள்.

நான் உள்ளே ஓடினேன். அம்மா வந்து கதவிடுக்கில் பார்த்தாள்.

"அளவெடுக்கறாங்க. இடிக்கப் போறாங்களாட்ட இருக்குது. நீங்க போயிக் கேளுங்க."

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"ஏனுங்க, நீங்க எந்த ஆபீஸுங்க?"

பெயிண்ட் டப்பாவில் உட்கார்ந்திருந்தவர் சிரித்தார். "ஆபீஸெல்லாம் இன்னிக்கு லீவுங்க. படம் போடறோம்."

"எதையுங்க?"

"இதையுங்க." பேனாவால் எங்கள் தலைக்கு மேலே காட்டினார்.

அப்பாவும் நானும் திரும்பி அண்ணாந்து பார்த்தோம். அங்கே குடிவந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதை ஒரு பொருளாக நாங்கள் பார்த்தது அன்றுதான்.

போத்தனூரில் ரயில் பாதையை ஒட்டி நின்ற பழைய தண்ணீர்த் தொட்டி அது. கீழே கருங்கல்லில் வளைவு வளைவாகக் கட்டடம், அதன் மேல் இரும்புத் தகடுகளை ஆணியடித்துச் சேர்த்த பெரிய தொட்டி. கரி எஞ்சின் ஓடிய காலத்தில் எஞ்சின்களுக்குத் தண்ணீர் விட்டதாம். எஞ்சின்கள் போய்விட்டன, தொட்டி வேலையில்லாமல் நின்றுகொண்டிருந்தது. அதன் காலடியில், பம்பு ஓட்டுகிற ஆளுக்காக எப்போதோ கட்டிய தகரக் கூரை போட்ட ஓர் அறை. அதுதான் எங்கள் வீடு.

வந்தவர்கள் ஒரே தொழிலைச் சேர்ந்தவர்கள் இல்லை. பேங்கில் வேலை பார்க்கிற ஒருவர்தான் கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி. பெயிண்ட் டப்பாக்காரர் கடைகளுக்கு போர்டு எழுதுகிறவர். பள்ளிக்கூடத்தில் டிராயிங் எடுக்கும் டீச்சர் ஒருவர், சர்ச்சில் முதல் பூசையை முடித்துக்கொண்டு நேராக வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊரில் ஓர் இடத்தைத் தேர்ந்து, அங்கேயே உட்கார்ந்து, பார்த்ததை வரைவார்களாம். மணிக்கூண்டு முடிந்தது, மார்க்கெட் முடிந்தது, இப்போது எங்கள் தொட்டி. இதற்கு யாரும் சம்பளம் தருவதில்லை என்று கேட்டு அப்பா மிகவும் வருத்தப்பட்டார்.

இடிக்க வரவில்லை என்று தெரிந்த பிறகும் அம்மா கதவைத் திறக்கவில்லை. தலைவலி என்றாள். தகரக் கூரைக்குக் கீழே, சாத்திய கதவுக்குப் பின்னால், காயில் சுற்றிக்கொண்டிருந்தாள். பம்பு மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் காயில் சுற்றிக் கொடுப்பது அவள் வேலை. கைப்பிடி வைத்த சின்ன மெஷின்; சுற்றினால் கிர்ர் என்று ஒரு சத்தம் வரும்.

அந்தத் தலைவலிக்குக் காரணம் எனக்குத் தெரிந்தது பல வருஷம் கழித்துத்தான். ஏழாவதோடு பள்ளிக்கூடம் முடிந்து, திருப்பூரில் பனியன் மடித்து, பெங்களூரில் ஊதுபத்தி உருட்டி, எங்கும் ஒரு வருஷத்துக்கு மேல் தங்காமல் நான் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அம்மா சொன்னாள். அவள் தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு தோப்புக்காரர் மகள். அப்பா அந்தத் தோப்பில் தேங்காய் போட மரம் ஏற வந்தவர். இருவரும் ஒரு நாள் காலை முதல் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். எங்கே கண்டாலும் இரண்டு பேரையும் வெட்டிப்போடுவோம் என்று அம்மாவின் அப்பாவும் தம்பியும் ஊர் நடுவே சொன்னதாகச் செய்தி வந்தது. தூரமாகப் போயிருக்கலாம். ஆனால் அப்பாவுக்கு இரும்பு வார்க்கிற பவுண்டரியில் வேலை இங்கேதான் கிடைத்தது. துடியலூர், இருகூர், போத்தனூர் என்று கோயமுத்தூரைச் சுற்றியே மாறிக்கொண்டிருந்தோம். யாராவது அடையாளம் விசாரித்ததாகக் காதில் விழுந்தால் அடுத்த நாளே மூட்டை கட்டுவோம். இரண்டாம் வகுப்பை மட்டும் நான் மூன்று பள்ளிக்கூடத்தில் படித்தேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. இவற்றில் எதுவும் தெரியாது. யார் ஊர் கேட்டாலும் பாலக்காட்டுப் பக்கம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் தெரியும். செருப்பை வெளியே விடுவது மாதிரி அதுவும் ஒரு வழக்கம் என்று நினைத்திருந்தேன். அப்பா அம்மாவை 'அம்மணி' என்று கூப்பிட்டு, அவள் உட்காரும் வரை தானும் உட்காராமல் நிற்பார். எல்லா வீட்டிலும் அப்பாக்கள் அப்படித்தான் என்றும் நினைத்திருந்தேன்.

பதினொரு மணி வாக்கில் அந்தப் பதினோரு பேரும் தங்கள் நோட்டுகளைத் தரையில் வரிசையாக வைத்துவிட்டுச் சுற்றி நின்றார்கள். அடுத்தவர் படத்தைப் பற்றிப் பேசலாம், தன் படத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்பது அவர்கள் ஏற்பாடு. நானும் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பத்துப் படத்தில் எங்கள் வீடு இல்லை. தொட்டி மட்டும் ஜோராக நின்றது.

"எங்கூடு எங்கீங்க?" என்று கேட்டேன்.

பேங்க்காரர் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்தார். "எங்களுக்கு ரெண்டே சட்டம் கண்ணு. போட்டதை அழிக்கக் கூடாது. இல்லாததைப் போடக் கூடாது."

"இருக்கறதை உட்டுப்போடலாமுங்களா?"

"வக்கீலம்மா வந்துட்டாங்க, பதில் சொல்லுங்க," என்றார் போர்டு எழுதுகிறவர்.

"உடலாம். கண்ணுல பட்டதையெல்லாம் போட்டா நோட்டு பத்துமா?"

நான் அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு இருக்க வேண்டிய இடத்தில் அடர்த்தியாக ஒரு புதர் இருந்தது.

"அங்க செடி இல்லீங்களே?"

கூட்டம் முழுக்கச் சிரித்தது. பேங்க்காரர் காது சிவந்து, தானும் சிரித்தார். "மாட்டிட்டேன் போ," என்றார்.

பதினோராவது படம் டீச்சருடையது. அதில் எங்கள் வீடு இருந்தது. தகரத்தின் மேல் வைத்திருந்த கல்கூட இருந்தது. கதவு சாத்தியிருந்தது. படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். எல்லோருமே எழுதினார்கள்: இடத்தின் பெயர், கிழமை, தேதி, மணி.

"மணி எதுக்குங்க?"

"இது ஒன்பதரை மணி வெயில். பதினோரு மணிக்கு நெழல் வேற பக்கம் போயிரும். படத்தைப் பாக்கறவங்களுக்குத் தெரிய வேண்டாமா?" என்றவர், பேனாவை மூடிக்கொண்டே, "உங்க ஊட்டுல பெரியவங்க யாரும் இல்லியா கண்ணு? ஓர் ஆள் நின்னாத்தான் தொட்டி எத்தனை ஒசரம்னு வெளங்கும்," என்றார்.

"நான் நிக்கறேனுங்க."

"நீ நின்னா தொட்டி இன்னும் பெருசாயிரும். அது பொய்யல்லவா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வருவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த வாரம் முழுக்க எனக்கு இதே நினைப்பு. படத்தில் எங்கள் வீடு ஆளில்லாத வீடு மாதிரி, பூட்டிப்போட்ட குடோன் மாதிரி இருந்தது. அம்மா ஒரு நிமிஷம் வாசலில் நின்றால் போதும். கேட்டேன். கைப்பிடியை நிறுத்தாமலே, "எண்ணிக்கிட்டிருக்கறேன், பேசாதே," என்றாள். காயிலுக்குச் சுற்று எண்ணிக்கை தவறக் கூடாது. அதனால் அவளுக்குப் பதில் சொல்ல விருப்பமில்லாத கேள்விகள் எல்லாம் அவள் எண்ணிக்கொண்டிருக்கும்போதே வந்தன.

ஞாயிறு வந்தது. அப்பாவுக்கு அன்று ஷிப்ட். பதினோரு பேரும் வந்தார்கள், கதவு சாத்தப்பட்டது, உள்ளே கிர்ர் என்று சத்தம் தொடங்கியது. நான் தொட்டியின் பக்கவாட்டில் இருந்த இரும்பு ஏணியில் ஏறினேன். துருப்பிடித்த ஏணி, இரண்டு படிகள் இல்லை. கருங்கல் முடிந்து இரும்பு தொடங்குகிற இடம் வரை போய், ஒரு கையை விட்டுத் தொங்கிக்கொண்டு, "அம்மா!" என்று கத்தினேன்.

கீழே பத்துப் பேர் எழுந்து நின்று சத்தம் போட்டார்கள். "கண்ணு, அசையாதே!" "அடக் கிறுக்குப் புள்ளை!" போர்டு எழுதுகிறவர் செருப்பை உதறிவிட்டு ஏணியை நோக்கி ஓடினார், உயரத்தில் வேலை பார்த்துப் பழகியவர். கதவு திறந்தது. அம்மா வெளியே ஓடி வந்து, நட்ட நடு வெயிலில் நின்று அண்ணாந்தாள். ஒரு காலில் பாரத்தைச் சாய்த்து, இடது கையை இடுப்பில் ஊன்றி, வலது கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு நின்றாள். பதறினாலும் அவள் நிற்பது அப்படித்தான். மேலிருந்து பார்க்கச் சின்னவளாக இருந்தாள். எழுந்திருக்காத ஒரே ஆள் டீச்சர். அவர் கை மட்டும் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது.

இறக்கிவிட்டதும் அம்மா என் முதுகில் இரண்டு வைத்தாள். பிறகு அதே கையால் என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே இழுத்துப் போனாள். வலித்தது. ஆனால் வேலை முடிந்துவிட்டது.

சில வாரம் கழித்து டீச்சர் கையில் ஓர் அழைப்பு அட்டையோடும் அந்தப் படத்தோடும் வந்தார். டவுனில் ஒரு மண்டபத்தில் எல்லோர் படங்களையும் மாட்டி வைக்கப் போகிறார்களாம். படத்துக்குச் சட்டம் போட்டிருந்தது. தொட்டி, வீடு, திறந்த கதவு, கதவுக்கு முன்னால் சுண்டுவிரல் நக அளவுக்கு ஒரு பெண். முகம் என்று ஒரு புள்ளிகூட இல்லை. ஆனாலும் அம்மாதான். ஏணியைப் பார்த்தேன், ஏணி இருந்தது, நான் இல்லை. விடலாம் என்பதுதான் அவர்கள் சட்டமாயிற்றே. கீழே 'போத்தனூர், ரயில் தண்ணீர்த் தொட்டி, ஞாயிறு' என்று எழுதி, தேதி போட்டு, 'காலை 9.40' என்று முடித்திருந்தார்.

அம்மா படத்தை வெகுநேரம் பார்த்தாள். "நல்லாத்தானுங்க இருக்குது. இதை மட்டும் அங்க வெக்காதீங்க."

"ஏனுங்க அம்மணி? எல்லாத்துலயும் இதுதான் நல்லா வந்திருக்குதுன்னு எங்காளுக சொல்றாங்க."

"தெரிஞ்சவங்க பாத்தா..."

"மூஞ்சியே போடலீங்களே, ஆருக்குத் தெரியப்போவுது?" டீச்சர் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டு, அம்மாவின் கையைப் பிடித்துச் சிரித்தார். காரணம் சொல்ல அம்மாவுக்கு வழியில்லை. எங்கள் பக்கத்தில் முகத்துக்கு நேரே இரண்டாவது தடவை மறுப்பது மரியாதைக் குறைவு. "சரீங்க," என்றாள்.

அன்று மாலை அப்பா வந்ததும் அம்மா சொன்னாள். அவர் கால் கழுவிக்கொண்டே யோசித்தார். "தேங்கா போடறதை உட்டுப்போட்டுப் படம் பாக்க ஆருங்க அம்மணி டவுனுக்கு வரப்போறாங்க?" என்றார். யாரும் வர மாட்டார்கள்தான். ஆனால் அப்பா மழையைக் கணக்கில் எடுக்கவில்லை.

கண்காட்சி முடிந்த அடுத்த ஞாயிறு. அப்பா ஷிப்டுக்குப் போய்விட்டார். வரைகிறவர்கள் வேறெங்கோ போயிருந்தார்கள். நான் வாசலில் கல்லாங்காய் ஆடிக்கொண்டிருந்தேன். டிவிஎஸ் 50இல் ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, வேட்டி, பெரிய மீசை. வண்டியைத் தள்ளி நிறுத்தினார். டீச்சர் உட்கார்ந்த இடத்துக்கே போய், கொஞ்சம் இடது பக்கம் நகர்ந்து, கொஞ்சம் பின்னால் நகர்ந்து, தொட்டியைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து அதன் பின்பக்கம் எழுதியிருந்ததைப் படித்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி.

கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார்.

"ஏங்கண்ணு, இங்க இந்நேரத்துக்கு ஓரம்மா வந்து நிப்பாங்களா?"

"எந்தம்மாங்க?"

"இப்பிடி." எழுந்தார். ஒரு காலில் சாய்ந்து, இடது கையை இடுப்பில் ஊன்றி, வலது கையைக் கண்ணுக்கு மேல் வைத்தார். அவ்வளவு பெரிய மீசையோடு ஓர் ஆள் அச்சு அசலாக என் அம்மா மாதிரி நின்றார். எனக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டேன்.

"அப்பிடி ஆரும் நிக்க மாட்டாங்க."

"ஒரு கல்யாணத்துக்கு டவுனுக்கு வந்தேன். மழைக்கு ஒரு மண்டபத்துல ஒதுங்குனேன். அங்க ஒரு படத்துல இருந்துது, ஒன்பது நாப்பதுன்னு." பத்திரிகையைத் திருப்பிக் காட்டினார். டீச்சர் எழுதியது அப்படியே இருந்தது, பெரிய பெரிய எழுத்தில். "மணி தாண்டிப்போச்சு. நாந்தான் லேட்டோ என்னமோ."

அந்த நேரம் எதற்கு எழுதுவது என்று எனக்குத் தெரியும். நிழல் விழுவதை விளக்கிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"நீ ஆரு ஊட்டுப் புள்ளை?"

"பவுண்டரிக்காரர் புள்ளைங்க. பாலக்காட்டுப் பக்கமுங்க."

"பாலக்காடா? உம் பேச்சு அப்பிடி இல்லியே." சிரித்தார். பிறகு எங்கள் கதவைப் பார்த்தார். "உள்ள ஆரு?"

"ஆருமில்லீங்க."

அதுவரை உள்ளே கிர்ர் என்று ஓடிக்கொண்டிருந்த மெஷின் அந்த நேரம் பார்த்து நின்றது. அது ஓடியதும் அவருக்குக் கேட்டது, நின்றதும் கேட்டது. கதவுக்கும் அவருக்கும் நடுவே பத்து எட்டுத்தான் இருக்கும். அவர் எட்டு வைக்கவில்லை. அப்படியே என் எதிரே குத்தவைத்து உட்கார்ந்து என் முகத்தைப் பார்க்கத் தொடங்கினார். நெற்றியைப் பார்த்தார், காதைப் பார்த்தார், மோவாயைப் பார்த்தார். நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒற்றை விரலால் ஒதுக்கிவிட்டு மறுபடி பார்த்தார். அந்தப் பதினோரு பேர் தொட்டியைப் பார்த்த மாதிரி, ஒன்றையும் விட்டுவிடக் கூடாது என்கிற மாதிரி, கண் கொட்டாமல் பார்த்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது.

"வெயில் ஏறுது. உள்ள போ கண்ணு," என்று சொல்லிவிட்டு எழுந்தார். வண்டியைக் கிளப்புவதற்கு முன் கதவை ஒரு தடவை பார்த்தார். போய்விட்டார்.

மூன்றாம் நாள் நாங்கள் மதுக்கரைக்கு மாறினோம். இன்று தனியாக வந்தவர் நாளை நாலு பேரோடு வருவார் என்று அப்பா சொன்னார். அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம், தப்பாகவும் இருக்கலாம்; தெரிந்துகொள்ள நாங்கள் அங்கே இருக்கவில்லை. சிமெண்டுத் தூசி படிந்த அந்த ஊரில் எனக்கு இன்னொரு பள்ளிக்கூடம். தேடிக்கொண்டு அங்கே யாரும் வரவில்லை. அந்த மனிதரை நான் மறுபடி பார்த்ததில்லை.

ஆனால் அன்று, அவர் வண்டிச் சத்தம் அடங்கியதும் நான் கதவைத் தட்டி உள்ளே போனேன். அம்மா மெஷின் முன்னால் இல்லை. கதவை ஒட்டி, தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக அப்படி நின்றாளோ.

"எளைச்சுட்டானா?" என்று கேட்டாள்.

"ஆரும்மா?"

"வந்தவன்."

"இல்லியே, தொப்பை இருந்துச்சு."

அம்மாவின் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. "மீசை வெச்சிருக்கறானா?"

"பெருசா. நடுவால கொஞ்சம் நரைச்சிருந்துச்சு."

"நரைச்சிருச்சா?" என்றாள். தன்னைவிட நாலு வயது சின்னவன் என்று அவள் வாய்க்குள் சொல்லிக்கொண்டது எனக்குக் கேட்டது, விளங்கவில்லை. "நீ என்ன சொன்னே?"

"பாலக்காட்டுப் பக்கம்னு சொன்னேன். உள்ள ஆருமில்லைன்னு சொன்னேன்."

அம்மா தலையாட்டினாள். சொல்லிக் கொடுத்த பாடத்தைத் தப்பில்லாமல் ஒப்பித்திருந்தேன். ஏணியில் ஏறி வாங்கிய அடிக்கு இதைக் கொண்டு ஈடு கட்டிவிட்டதாக எனக்குத் தோன்றியது. அவள் என் பக்கம் குனிந்து, இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள்.

"உன்னையப் பாத்தானா கண்ணு? உன்ற மூஞ்சிய நல்லாப் பாத்தானா?"

அம்மா பயந்துபோயிருக்கிறாள் என்று நினைத்தேன். அவளுக்கு என்ன சொன்னால் நிம்மதியாக இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும் என்றும் நினைத்தேன்.

"இல்லம்மா. என்னைப் பாக்கவேயில்லை."

அம்மா என் தோளை விட்டாள். "செரி," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நல்ல சேதி சொன்ன சந்தோஷத்தில் நான் மிச்ச ஆட்டத்தை ஆட வெளியே ஓடினேன்.